பட்டன் தமிழில், எச்சரிக்கை ஆங்கிலத்தில்: செயலிகளில் மொழிபெயர்க்காமல் விடுபடும் வரிகளை எப்படிப் பிடிப்பது?

சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டியில் என் சித்தப்பாவுக்கு அரளித் தோட்டம் இருக்கிறது. மொட்டாகவே பறித்து, சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார். பூவுக்கான காசு இப்போதெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. உரக்கடை, டிராக்டர் வாடகை, பறிப்புக் கூலி என்று எல்லாவற்றையும் போனிலேயே கொடுத்தும் விடுகிறார். செயலியைத் தமிழில் மாற்றிக் கொடுத்தது நான்தான். "இப்பத்தான் கண்ணு ஒழுங்கா படிக்க முடியுது" என்று சந்தோஷப்பட்டார்.

சில மாதங்களுக்கு முன் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கட்டிக் கொடுத்தவருக்கு 4,200 ரூபாய் அனுப்ப வேண்டும். தொகையைப் போட்டார், ரகசிய எண்ணைத் தட்டினார். சக்கரம் சுற்றியது. பிறகு ஒரு திரை வந்தது. மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே பச்சை நிறத்தில், அழகான தமிழில் ஒரு பட்டன்: ‘மீண்டும் முயற்சி செய்’. அவருக்குப் படிக்க முடிந்தது பட்டன் மட்டும்தான். அழுத்திவிட்டார்.

அந்த ஆங்கில வரிகளின் பொருள் இது: ‘உங்கள் பணப் பரிமாற்றம் நிலுவையில் உள்ளது. உறுதியாகும் வரை மீண்டும் அனுப்ப வேண்டாம்.’

சாயங்காலம் போன் வந்தது. "என்ன கண்ணு, ரெண்டு தடவ போயிருக்குது?" மோட்டார்காரர் ஊர்க்காரர் என்பதால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆளுக்குப் போயிருந்தால் கதை வேறு.

இதில் யாரும் தவறாக மொழிபெயர்க்கவில்லை. ஒரு வரியை மொழிபெயர்க்க விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரி எப்படி விடுபடுகிறது, கடைசிச் சோதனையிலும் ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை, பட்டால் என்ன செய்ய வேண்டும்? செயலி தயாரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும், அதைப் பயன்படுத்தும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

செயலிக்குள் வாசகங்கள் எங்கே இருக்கின்றன?

திரையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வாசகத்தையும் தொழில்நுட்ப ஆட்கள் ‘ஸ்ட்ரிங்’ என்பார்கள். ‘உள்நுழை’ ஒரு ஸ்ட்ரிங். ‘உங்கள் இருப்பு’ இன்னொன்று. நன்றாகக் கட்டப்பட்ட செயலியில் இவை நிரலுக்குள் எழுதப்பட்டிருக்காது. தனிக் கோப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதாவது ‘கீ’. நிரல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். போனில் தேர்ந்தெடுத்த மொழிக்கான கோப்பிலிருந்து வாசகம் வந்து உட்காரும்.

ரேஷன் கடையில் அட்டை எண்ணைச் சொன்னால் பொருள் வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் ஒன்றுதான். தமிழ் அலமாரியில் இருந்தால் தமிழ், இந்தி அலமாரியில் இருந்தால் இந்தி.

சிக்கல் எங்கே என்றால், தமிழ் அலமாரியில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாதபோது.

விடுபட்டால் திரையில் என்ன வரும்?

ஆண்ட்ராய்டில் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. தமிழ்க் கோப்பில் ஒரு கீ இல்லையென்றால், இயல்பு மொழிக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். பெரும்பாலான செயலிகளில் இயல்பு மொழி ஆங்கிலம். செயலி நிற்காது, பிழை என்றும் சொல்லாது. தமிழ்த் திரையின் நடுவே ஆங்கில வரி அமைதியாக வந்து அமர்ந்துகொள்ளும். இயல்பு மொழிக் கோப்பிலும் அந்தக் கீ இல்லாவிட்டால்தான் செயலி தடுமாறி மூடிக்கொள்ளும்.

ஐபோன் வேறு மாதிரி. தமிழ்க் கோப்பில் கீ இல்லையென்றால் அந்தக் கீயின் பெயரையே திரையில் காட்டிவிடும். பெயராக ஆங்கில வாக்கியத்தையே வைத்திருந்தால் ஆங்கிலம் தெரியும். ‘பேமென்ட் அண்டர்ஸ்கோர் எரர் அண்டர்ஸ்கோர் 3’ என்பது போல வைத்திருந்தால் அந்தக் கிறுக்கல் அப்படியே வாடிக்கையாளர் முன் வந்து நிற்கும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அசிங்கமாக இருப்பதால் யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டின் நாகரிகமான அமைதிதான் உண்மையில் பிடிக்கக் கஷ்டமானது.

‘போன மாதம் வரை தமிழில்தானே இருந்தது, அப்டேட் போட்டதும் ஆங்கிலம் ஆகிவிட்டதே’ என்று சிலர் கேட்பதுண்டு. லினக்ஸ் உலகில் பல ஆண்டுகளாகப் புழங்கும் ‘கெட்டெக்ஸ்ட்’ முறையில் இதற்கான காரணம் தெளிவாகத் தெரியும். மூல ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல் மாறினால்கூட, பழைய தமிழாக்கத்துக்கு ‘ஃபஸி’ என்று ஒரு முத்திரை விழும். ‘இது சரியாகவும் இருக்கலாம், ஒருவர் பார்த்து உறுதிசெய்யுங்கள்’ என்று அர்த்தம். உறுதிசெய்யும்வரை அந்தத் தமிழ் வரி பயன்படாது; ஆங்கிலம்தான் வரும். அதனால்தான் அந்த முறையில் கணக்கெடுத்தால் மூன்று எண்கள் கிடைக்கும்: மொழிபெயர்க்கப்பட்டவை, சந்தேகத்தில் இருப்பவை, காலியாக இருப்பவை.

ஏன் பிழைச் செய்திகளே விடுபடுகின்றன?

கவனித்துப் பாருங்கள். முகப்புத் திரையில், மெனுவில், ‘வணக்கம்’ சொல்லும் இடத்தில் தமிழ் பளிச்சென்று இருக்கும். பணம் சிக்கும்போது, நெட் போகும்போது, கார்டு மறுக்கப்படும்போதுதான் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். இதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதல் காரணம், சோதிக்கும் பழக்கம். மொழிச் சோதனை செய்பவர் செயலியைத் திறப்பார், உள்நுழைவார், நூறு ரூபாய் அனுப்புவார், வெற்றி என்று வரும், மூடிவிடுவார். எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதை இது. வங்கியின் சர்வர் பதில் சொல்லாமல் நடுவழியில் நிற்கும் நிலையை அவர் உருவாக்கிப் பார்ப்பதில்லை. பார்க்காத திரையில் இருக்கும் ஆங்கிலம் கண்ணில் படாது.

இரண்டாவது, நேரம். முகப்பு வாசகங்கள் திட்டத்தின் ஆரம்பத்திலேயே முடிவாகிவிடும். பிழைச் செய்திகளோ வெளியீட்டுக்கு முந்தைய வாரம், ஏன், முந்தைய இரவில்கூடச் சேர்க்கப்படும். மொழிபெயர்ப்பாளருக்குக் கோப்பு போன பிறகு எழுதப்பட்ட வரி அவரிடம் போய்ச் சேர்வதே இல்லை.

மூன்றாவது, அந்த வரி செயலிக்குள்ளேயே இருக்காது. ‘நிலுவையில் உள்ளது’ என்ற செய்தி பல நேரம் சர்வரிலிருந்து வருகிறது. செயலியின் கோப்பை எவ்வளவு அலசினாலும் அது கிடைக்காது. வெளி நிறுவனத்தின் நிரல் துண்டைச் செயலியில் இணைத்திருந்தால் அதன் வாசகங்களும் அப்படித்தான். நோட்டிஃபிகேஷன், எஸ்எம்எஸ், படத்துக்குள் எழுதிய எழுத்து, செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கம் என்று பட்டியல் நீளும்.

நான்காவது, பலருக்கும் தெரியாத ஒன்று. ப்ளே ஸ்டோரில் இப்போது செயலிகள் ‘ஆப் பண்டில்’ என்ற வடிவில் ஏற்றப்படுகின்றன. இடத்தை மிச்சப்படுத்த, உங்கள் போனில் எந்த மொழிகள் அமைக்கப்பட்டிருக்கின்றனவோ அவற்றின் கோப்புகளை மட்டுமே இறக்கித் தரும். போன் ஆங்கிலத்தில் இருக்க, செயலிக்குள் போய் ‘தமிழ்’ என்று தேர்ந்தெடுத்தால், தமிழ்க் கோப்பே போனில் இல்லாமல் இருக்கலாம். டெவலப்பர் இதை முன்கூட்டியே யோசித்து, மொழிவாரிப் பிரிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். அல்லது தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அந்தக் கோப்பை இறக்க வழி செய்ய வேண்டும். அலுவலகச் சோதனைப் போனில் எல்லாக் கோப்பும் இருந்ததால் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். ஊரில் உள்ள போனில் தெரியாது.

98 சதவீதம் என்ற மாயை

‘தமிழ் 98 சதவீதம் முடிந்தது’ என்று அறிக்கை வந்தால் அலுவலகத்தில் கைதட்டுவார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். செயலியில் 1,000 வாசகங்கள் இருந்தால் 98 சதவீதம் என்பது 980. மீதி 20. அந்த 20-ம் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. அந்த 20-ம் பணம் சிக்கும் திரைகளில் இருந்தால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு ஆபத்தான நேரத்தில் செயலி 100 சதவீதம் ஆங்கிலம்தான்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் மதிப்பிட்டால் இது தெரியாது. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு எடை இருக்கிறது. பணம், உடல்நலம், சம்மதம், பாஸ்வேர்டு, பிழை, ரத்து ஆகியவற்றைத் தொடும் வரிகள் கனமானவை. ‘இன்றைய வால்பேப்பர்’ லேசானது. கனமானவற்றில் ஒன்று விடுபட்டாலும் வெளியீட்டை நிறுத்தலாம். லேசானவற்றில் பத்து விடுபட்டாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாத அணிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, கடைசியில் எதையும் பார்க்காமல் விட்டுவிடுகின்றன.

எப்படிப் பிடிப்பது?

நல்ல செய்தி, பெரும்பாலான கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

முதல் வலை: விடுபட்ட கீகளைத் தேடுவது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் உள்ள ‘லின்ட்’ என்ற பரிசோதனை, ஒரு மொழியில் இருந்து இன்னொன்றில் இல்லாத வாசகங்களைப் பிழையாகக் காட்டும். நேரடியாக நிரலில் எழுதிவைத்த வாசகங்களுக்குத் தனி எச்சரிக்கை தரும். அதே மென்பொருளில் உள்ள மொழிபெயர்ப்பு எடிட்டரில் எல்லா மொழிகளையும் பத்தி பத்தியாகப் பார்க்கலாம்; காலியானவற்றை மட்டும் வடிகட்டலாம். ஆப்பிளின் எக்ஸ்கோடில் 2023-ல் வந்த 15-வது பதிப்பு முதல் ‘ஸ்ட்ரிங் கேட்டலாக்’ வசதி இருக்கிறது. எந்த வரி புதிது, எது மீண்டும் பார்க்கப்பட வேண்டும் என்று அதிலேயே தெரியும். இவ்வளவு இருந்தும் ஏன் தப்புகிறது? ‘பில்ட் நிற்கிறதே’ என்று லின்ட் எச்சரிக்கையை யாரோ ஒரு நாள் அணைத்து வைத்திருப்பார்கள். அதை மறுபடி ஆன் செய்ய யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இரண்டாவது வலை: நகல் ஒட்டியவற்றைத் தேடுவது. கீ இருக்கிறது, ஆனால் தமிழ்க் கோப்பில் ஆங்கிலமே அப்படியே ஒட்டப்பட்டிருக்கிறது. ‘விடுபட்டது எது’ என்று கேட்கும் கருவிக்கு இது விடுபட்டதாகத் தெரியாது. இதற்கு ஒரு எளிய வழி: யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் ஓர் எழுத்தாவது அந்த வரியில் இருக்கிறதா என்று பார்க்கும் நாலு வரி நிரல். இல்லையென்றால் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது வலை: பொய் மொழி. ஆங்கில எழுத்துகளின் தலையில் கொம்பும் வாலும் வைத்து, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, நீளத்தையும் கூட்டி ஒரு போலி மொழியை உருவாக்குவார்கள். ஆண்ட்ராய்டில் இது உள்ளமைந்தே வருகிறது. செயலியை அந்த மொழியில் ஓட்டினால், கோப்பிலிருந்து வரும் வாசகங்கள் எல்லாம் கொம்போடு தெரியும். கொம்பில்லாத சாதா ஆங்கிலம் எங்கே தெரிகிறதோ, அது கோப்புக்கு வெளியே எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர்கூட வேலையைத் தொடங்காத நிலையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஐபோன் பக்கம், மொழிபெயர்க்கப்படாத வாசகங்களைப் பெரிய எழுத்துகளில் கத்த வைக்கும் ஓர் அமைப்பு எக்ஸ்கோடில் இருக்கிறது.

நீளமும் முக்கியம். பத்து எழுத்துக்குள் அடங்கும் ஆங்கிலச் சொல், வேறு மொழிக்குப் போகும்போது இரண்டு மூன்று மடங்காகலாம் என்று ஐபிஎம் நிறுவனத்தின் பழைய வழிகாட்டி சொல்கிறது. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வரி மொழிபெயர்க்கப்பட்டிருந்தும் பட்டனுக்குள் அடங்காமல் ‘மீண்டும் முய...’ என்று வெட்டுப்பட்டால், அதுவும் பாதி விடுபட்ட வாசகம்தான்.

நான்காவது வலை: ஆள். எந்தக் கருவியும் செய்யாத வேலை இது. போனை முழுக்கத் தமிழில் வைத்து, வேண்டுமென்றே எல்லாவற்றையும் கெடுத்துப் பார்க்க வேண்டும். பணம் அனுப்பும் நடுவில் நெட்டை அணைப்பது. தவறான ரகசிய எண்ணைத் திரும்பத் திரும்பப் போடுவது. இருப்புக்கு மேல் தொகை கேட்பது. கேமரா அனுமதியை மறுப்பது. சோதனைச் சர்வரிலிருந்து ஒவ்வொரு பிழை எண்ணையும் வரிசையாக அனுப்ப வைத்து, ஒவ்வொன்றுக்கும் திரையைப் படம் எடுத்து வைத்தால், விடுபட்டவை தாமாகவே வெளியே வரும்.

பிடித்தபின் என்ன செய்வது?

ஆங்கிலமாகத் தெரியும் எல்லாமே பிழை கிடையாது. சந்தேகப் பட்டியல் கைக்கு வந்ததும் நான்காகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ஒன்று, மாற்றக் கூடாதவை. நிறுவனப் பெயர், ஐஎஃப்எஸ்சி குறியீடு, இணைய முகவரி போன்றவை. இவற்றுக்கு ‘மொழிபெயர்க்க வேண்டாம்’ என்ற அடையாளத்தைக் கோப்பிலேயே போட்டுவிடலாம். இல்லையென்றால் ஒவ்வொரு சோதனையிலும் இதே பொய் எச்சரிக்கைகள் வரும். நூறு பொய் எச்சரிக்கைக்கு நடுவே ஒரு நிஜ எச்சரிக்கை காணாமல் போய்விடும்.

இரண்டு, எழுத்தை மட்டும் மாற்ற வேண்டியவை. ஓடிபி, ரீசார்ஜ், பாஸ்வேர்டு, பின் நம்பர். இவற்றுக்குத் தூய தமிழ்ச் சொல் இருக்கலாம். ஆனால் பனமரத்துப்பட்டி டீக்கடையில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதைத் தமிழ் எழுத்தில் போட்டாலே வேலை முடிந்தது. ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்று பார்த்துவிட்டு ‘இது என்னமோ வேற போல’ என்று நின்றுவிடும் ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

மூன்று, உடனே மொழிபெயர்க்க வேண்டியவை. கனமான வரிகள். இவை இல்லாமல் வெளியிடக் கூடாது.

நான்கு, இப்போது முடியாதவை. சர்வரிலிருந்து வருவது, வெளி நிறுவனத்தின் நிரலில் இருப்பது. இங்கே ஒரு நடைமுறைத் தீர்வு உண்டு. சர்வர் ஆங்கில வாக்கியத்தை அனுப்பாமல் பிழை எண்ணை மட்டும் அனுப்பட்டும். அந்த எண்ணுக்கான தமிழ் வாக்கியம் செயலிக்குள் இருக்கட்டும். தெரியாத எண் வந்தால் காட்டுவதற்கென்று பொதுவான, பாதுகாப்பான ஒரு தமிழ் வரி தயாராக இருக்க வேண்டும். உதாரணமாக: ‘பணம் போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. மறுபடி அனுப்பும் முன் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள்.’ சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வரிதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்சரிக்கையும் அதன் கீழே உள்ள பட்டனும் ஒரே குடும்பம். எச்சரிக்கை தமிழில் இல்லையென்றால், ‘மீண்டும் முயற்சி செய்’ என்று பட்டன் மட்டும் தமிழில் இருப்பது உதவி கிடையாது, பொறி. இத்தகைய திரைகளில் ஒன்று முழுக்கத் தமிழ், இல்லையேல் அந்தப் பட்டனைக் காட்டாமல் இருப்பது என்ற விதியை வைத்துக்கொள்ளலாம்.

காலியை நிரப்பினால் போதுமா?

போதாது. 2008-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் நடந்தது இதற்குப் பேர்போன உதாரணம். கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற சாலைப் பலகைக்கு வேல்ஷ் மொழியாக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வேல்ஷில் பதில் வந்தது. அப்படியே பலகையில் அச்சிட்டு நட்டுவிட்டார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? ‘நான் தற்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்’ என்ற தானியங்கி மறுமொழி. காலி இடம் நிரம்பியிருந்தது. எழுத்துக்கூட்டும் சரியாக இருந்தது. எந்தக் கருவியும் இதைப் பிழை என்று சொல்லியிருக்காது. அந்த மொழி தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்திருந்தால் போதும்.

நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார்களுக்கான இருக்கை அறிவிப்பில் ‘தா’ என்ற எழுத்து ‘நா’ ஆகிப்போன படம் சமூக ஊடகங்களில் பரவியது. ஒரே ஓர் எழுத்து. தாய்மார்கள் என்ன ஆனார்கள் என்பதை நீங்களே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் தமிழ் தெரியாதவர்களே தமிழை எழுதி, தமிழ் தெரியாதவர்களே சரிபார்த்து, தமிழர்கள் முன் வைக்கிறார்கள் என்பதன் அடையாளம் அது.

காலி இடங்களை எந்திர மொழிபெயர்ப்பால் நிரப்பும் பழக்கம் இப்போது பெருகிவருகிறது. தனியாக நிற்கும் ஒரு சொல்லை வைத்து எந்திரம் என்ன செய்யும்? ‘பேலன்ஸ்’ என்பது ‘இருப்பு’ ஆக வேண்டிய இடத்தில் ‘சமநிலை’ ஆகிறது. ‘ஹோம்’ என்பது ‘முகப்பு’க்குப் பதில் ‘வீடு’. ‘ஷேர்’ என்பது ‘பகிர்’ ஆகாமல் ‘பங்கு’. ‘க்ளோஸ்’ என்பது ‘மூடு’ ஆகாமல் ‘அருகில்’. ஒவ்வொரு கீயோடும் ‘இது எந்தத் திரையில் வரும், பட்டனா தலைப்பா’ என்று ஒரு வரிக் குறிப்பு எழுதி வைத்தாலே இதில் பாதி சரியாகிவிடும். மனித மொழிபெயர்ப்பாளருக்கும் அதே குறிப்புதான் தேவை.

எந்திரத்தை நம்பி விபரீதமான கதையும் உண்டு. 2017 அக்டோபரில் பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி ஒருவர் ஃபேஸ்புக்கில் அரபியில் ‘காலை வணக்கம்’ என்று போட்டார். தானியங்கி மொழிபெயர்ப்பு ஹீப்ருவில் அதை ‘அவர்களைத் தாக்கு’ என்று காட்டியது. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்து, தவறு தெரிந்தபின் விடுவித்தது.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல், ஒட்டு. ‘வெல்கம் டு’ என்பதை ஒரு துண்டாகவும், ஊர்ப் பெயரை இன்னொரு துண்டாகவும் வைத்து நிரலில் ஒட்டினால் ஆங்கிலத்தில் வாக்கியம் கிடைத்துவிடும். தமிழில்? பனமரத்துப்பட்டிக்கு, நாமக்கல்லுக்கு, சேலத்துக்கு, ஈரோட்டுக்கு. நான்கு ஊருக்கும் நான்கு விதம். ‘சேலம்க்கு வரவேற்கிறோம்’ என்று திரையில் வருவது இப்படித்தான். ‘ஊர்: சேலம்’ என்று வாக்கியத்தையே மாற்றி அமைப்பதுதான் தப்பிக்கும் வழி. இந்தத் துண்டு வாக்கியங்களுக்குப் பயந்தே பல மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடுபட்டதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லும் முன் மூல வாக்கியத்தைப் பார்ப்பது நியாயம்.

ஒரு வரி விடுபடுவதும் ஒரு மொழி விடுபடுவதும்

2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதுள்ளவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. தளம் ஆங்கிலத்தில். ஜூன் தொடக்கத்தில் இந்தியும் பல மாநில மொழிகளும் சேர்க்கப்பட்டன. மலையாளம் இருந்தது, தெலுங்கு இருந்தது, கன்னடம் இருந்தது, தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் கேள்வி எழுந்தது. அதன்பிறகே தமிழ் வந்தது. ஒரு மொழியே விடுபட்டால் எல்லோர் கண்ணிலும் படுகிறது, குரல் எழுகிறது, சரியாகிறது. ஒரு வரி விடுபட்டால் யார் குரல் கொடுப்பது?

சட்டம் இந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் தகவலைக் கேட்கும்போது தரும் அறிவிப்பையும் சம்மதக் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அட்டவணையில் 22 மொழிகள். தமிழ் அதில் ஒன்று. ஆக, ‘சம்மதம்’ என்ற பட்டன் தமிழிலும், எதற்குச் சம்மதம் என்ற பத்தி ஆங்கிலத்திலும் இருக்கும் திரை, இனி வெறும் அழகுக் குறைபாடு என்று ஒதுக்க முடியாத விஷயம்.

தமிழ் போனுக்குள் வந்ததே சமீபத்தில்தான் என்பதையும் நினைவில் வைக்கலாம். ஆண்ட்ராய்டின் அமைப்பு மொழிப் பட்டியலில் தமிழ் சேர்ந்தது 2014-ல், லாலிபாப் என்ற 5.0 பதிப்பில். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மொழி தேர்ந்தெடுக்கும் வசதி 2022-ல் ஆண்ட்ராய்டு 13-ல் வந்தது. கருவி தயார். நிரப்புவதும் சரிபார்ப்பதும்தான் பாக்கி.

நீங்கள் என்ன செய்யலாம்?

செயலி தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறீர்களா? நாளைக்கே செய்யக்கூடிய மூன்று காரியங்கள். அணைத்து வைத்த லின்ட் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள். பணம், சம்மதம், பிழை தொடர்பான கீகளுக்குத் தனி அடையாளம் போட்டு, அவற்றில் ஒன்று காலியாக இருந்தாலும் பில்ட் நிற்கும்படி வையுங்கள். அணியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் போனைக் கொடுத்து, நெட்டை அணைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.

பயன்படுத்துபவரா? ஆங்கில வரி எட்டிப்பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செயலிக்குள் இருக்கும் ‘கருத்து’ப் பகுதியில் போடுங்கள். கணக்கு எண், தொகை போன்றவற்றை மறைத்துவிட்டு. ‘தமிழ் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. எந்தத் திரை, எதை அழுத்தியபோது, எந்த வரி என்று எழுதினால் டெவலப்பர் ஐந்தே நிமிடத்தில் தேடிப் பிடித்துவிடுவார்.

நேரம் இருந்தால் நீங்களே நிரப்பவும் செய்யலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் தமிழ் வாசகங்கள் மொசில்லாவின் ‘பொன்டூன்’ தளத்திலும், விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளின் வாசகங்கள் ‘டிரான்ஸ்லேட்விக்கி’ தளத்திலும் தன்னார்வலர்களால்தான் மொழிபெயர்க்கப்படுகின்றன. காலியான வரிகள் எவை என்று அங்கே வெளிப்படையாகவே தெரியும்.

வீட்டில் பெரியவர்களுக்குச் செயலியைத் தமிழில் மாற்றிக் கொடுப்பவரா? அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பத்து ரூபாயை உங்களுக்கு அனுப்பச் சொல்லி, நடுவில் நெட்டை அணைத்து, வரும் திரையை அவர்களோடு சேர்ந்து படியுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவின் போன் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. தங்கையின் கையெழுத்தில், ஆங்கில எழுத்துகளில் ‘பெண்டிங்’ என்று எழுதி, பக்கத்தில் தமிழில்: ‘இந்த மாதிரி வந்தா எதையும் அமுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க.’

செயலியில் விடுபட்ட ஸ்ட்ரிங், உறைக்குள் காகிதமாக இருக்கிறது.